நீல வெளிச்சத்தை வளர்த்தவர்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை வந்து சேரும் முன்பே, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் இருட்டோடு இருட்டாகப் பூப் பறிப்பு தொடங்கிவிடுகிறது. பறிப்பவர்கள் நெற்றியில் சின்னதாக ஒரு விளக்கைக் கட்டிக்கொள்கிறார்கள். அன்று மாலை விரியப்போகிற வெள்ளை மொட்டு எது, இன்னும் பச்சை மாறாத பிஞ்சு எது என்று அந்த வெளிச்சத்தில் பார்த்துத்தான் கிள்ளுகிறார்கள். வெளிச்சம் வெள்ளையாக இருந்தால்தான் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடும்.

ஆனால் அந்த விளக்குக்குள் வெள்ளையாக எதுவும் கிடையாது. அணைந்திருக்கும்போது உற்றுப் பாருங்கள், ஒரு மஞ்சள் பொட்டு தெரியும். அது பாஸ்பர் என்னும் ஒளிர்பொடியைக் குழைத்து அப்பிய பசை. அதன் அடியில் கடுகளவுகூட இல்லாத ஒரு படிகச் சில்லு இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் அந்தச் சில்லு நீலமாக எரியும். நீலத்தில் ஒரு பங்கு பசையைத் தாண்டி அப்படியே வெளியே வரும். மற்ற பங்கைப் பாஸ்பர் விழுங்கி மஞ்சளாகக் கக்கும். இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

வீட்டில் எரியும் 9 வாட் பல்பும் இதே அமைப்புதான். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் அலுமினியத் தகட்டின் மேல் மஞ்சள் பொட்டுகள் வட்டமாக இருக்கும். பல பல்புகளில் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்திருக்கும். அப்படிப்பட்ட பல்பில் ஒரு பொட்டு கருகினால் மொத்தமும் அணைந்துவிடும். கருகிய பொட்டின் நடுவில் கரும்புள்ளி விழுந்திருக்கும், தேடிப் பார்த்தால் கிடைக்கும். திறக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மலிவான பல்புகள் பலவற்றில் அந்தத் தகட்டுச் சுற்று வீட்டு மின்சாரத்தோடு நேராகத் தொடர்புள்ளது. ஹோல்டரில் மாட்டியபடி தொடவே கூடாது. கழற்றிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

இந்த நீலச் சில்லு பிறந்த கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் இத்தகைய சில்லுக்கு எல்.இ.டி. என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹோலோனியாக் 1962-ல் செய்து காட்டினார். பளிச்சென்ற நீலம் 1993-ல்தான் வந்தது. இடையில் 31 ஆண்டுகள். அந்த இடைவெளியை அடைத்தவர்களில் ஒருவரான ஷூஜி நகமுராவின் ஆய்வு வாழ்க்கையை, குறைக்கடத்தி இயற்பியல் படிக்கும் நம் ஊர் மாணவர்கள் பாடம் போலப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர் கையில் உலை இருந்தது, குழாய் இருந்தது, பற்றவைக்கும் சுடர் இருந்தது. அவர் இயற்பியல் அந்தக் கைவேலையின் வழியாகவே வந்தது.

முதலில் நீலம் ஏன் அவ்வளவு கடினம் என்று பார்ப்போம். குறைக்கடத்தியில், அதாவது சிலிக்கான் போல மின்சாரத்தை ஓரளவே கடத்தும் பொருளில், எலக்ட்ரான் மேல் ஆற்றல் பட்டையிலிருந்து கீழ்ப் பட்டையில் உள்ள துளைக்குள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடத்துக்குள் விழும்போது, இரண்டுக்கும் நடுவே உள்ள ஆற்றல் இடைவெளி ஒளியாக வெளிவருகிறது. 1240 என்ற எண்ணை எலக்ட்ரான் வோல்ட்டில் சொல்லும் இடைவெளியால் வகுத்தால் ஒளியின் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். 620 நானோமீட்டர் சிவப்புக்கு 2 எலக்ட்ரான் வோல்ட் போதும். 450 நானோமீட்டர் நீலத்துக்கு 2.76 வேண்டும். சிலிக்கானின் இடைவெளி 1.1 தான். போதாததற்கு அது மறைமுக இடைவெளி, எலக்ட்ரான் விழுந்தாலும் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகவே போய்விடும். சிலிக்கான் கார்பைடில் நீலம் வரவழைத்தார்கள். அதுவும் மறைமுக இடைவெளி கொண்டதால் மங்கலாகவே எரிந்தது.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று ஜிங்க் செலினைடு, மற்றது காலியம் நைட்ரைடு. காலியம் நைட்ரைடின் இடைவெளி 3.4. அது புற ஊதா. அதில் கொஞ்சம் இண்டியத்தைக் கலந்தால் இடைவெளி சுருங்கி நீலத்துக்கு இறங்கும். காகிதத்தில் கணக்குச் சரி. ஆனால் அந்தப் படிகத்தை வளர்க்க யாருக்கும் வசப்படவில்லை.

நகமுரா 1954-ல் ஜப்பானின் ஷிகோகு தீவில் பிறந்தவர். டோக்குஷிமா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் முடித்து, 1979-ல் அதே வட்டாரத்தில் அனான் ஊரில் இருந்த நிச்சியா என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். டி.வி. திரைக்கும் குழல் விளக்குக்கும் வேண்டிய பாஸ்பர் செய்வதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் பயன்படும்.

முதல் பத்து ஆண்டுகள் காலியம் பாஸ்பைடு, காலியம் ஆர்சனைடு, காலியம் அலுமினியம் ஆர்சனைடு என்று மூன்று பொருள்களை வளர்த்தார். காலியம் பாஸ்பைடு செய்யும் முறையைக் கேளுங்கள். காலியத்தையும் சிவப்பு பாஸ்பரஸையும் குவார்ட்ஸ் குழாய்க்குள் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து, குழாயின் வாயைச் சுடரால் உருக்கி அடைக்க வேண்டும். பிறகு உலையில் ஏற்ற வேண்டும். பாஸ்பரஸ் ஆவியாகி உள்ளே அழுத்தம் கூடும். பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும், வெப்பம் சற்றுக் கூடிப்போனாலும் குழாய் வெடிக்கும். எரியும் பாஸ்பரஸ் துண்டுகள் அறை முழுக்கப் பறக்கும். இது அங்கே பல முறை நடந்தது. குவார்ட்ஸ் விலை அதிகம், பணம் குறைவு. அதனால் பழைய குழாயையே அறுத்து மீண்டும் பற்றவைத்துப் பயன்படுத்தினார். மூன்று பொருளும் தயாராயின, ஆனால் சந்தையில் பெரிய நிறுவனங்கள் முன்பே அவற்றை விற்றுக்கொண்டிருந்தன. வணிகக் கணக்கில் அந்தப் பத்தாண்டு நஷ்டம். குழாய் வேலையும் உலை வேலையும் கைக்கு வந்ததுதான் வரவு.

1988-ல் ஓராண்டு அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போனார். எம்.ஓ.சி.வி.டி. என்னும் படிக வளர்ப்பு முறையைக் கற்பதற்காக. உலோகமும் கரிமமும் சேர்ந்த ஒரு சேர்மத்தை ஆவியாக்கி, சூடான தட்டின் மேல் பாய்ச்சி, அணு அணுவாகப் படலம் கட்டும் முறை அது. அங்கே அவர் படிகம் வளர்த்ததைவிடக் கருவியைக் கட்டியதுதான் அதிகம். எஃகுக் குழாய் வளைத்தல், பற்றவைத்தல், கசிவு பார்த்தல் என்றே ஆண்டின் பெரும்பகுதி போனது.

திரும்பி வந்து காலியம் நைட்ரைடைத் தேர்ந்தெடுத்தார். அப்போது கருத்தரங்குகளில் ஜிங்க் செலினைடு அமர்வுக்கு நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்திருப்பார்கள். காலியம் நைட்ரைடு அமர்வில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்குக் காரணம் இருந்தது. ஜிங்க் செலினைடை வளர்க்கக் காலியம் ஆர்சனைடு தட்டு இருக்கிறது. இரண்டின் அணு இடைவெளியும் ஏறக்குறைய 0.3 சதவீத வித்தியாசத்தில் பொருந்தும். காலியம் நைட்ரைடுக்கு அப்படி ஒரு தட்டு கிடையாது. கிடைத்தது நீலக்கல் தட்டு, அதாவது அலுமினியம் ஆக்சைடு ஒற்றைப் படிகம். வித்தியாசம் 16 சதவீதம்.

16 சதவீதம் என்றால் என்ன என்பதை ஒரு கொத்தனாரிடம் சொன்னால் உடனே புரியும். கீழ் வரிசையில் ஏழு செங்கல் இருக்கிற நீளத்தில் மேல் வரிசையில் ஆறு செங்கல்தான் கொள்ளும். பூட்டு விழாது, சுவர் விரியும். படிகத்தில் இந்தப் பூட்டு விழாத இடங்களை இடப்பெயர்வு என்கிறோம். ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 100 கோடி இடப்பெயர்வுகள். அன்றைய பாடநூல் அறிவுப்படி சதுர சென்டிமீட்டருக்குச் சில ஆயிரத்தைத் தாண்டினாலே எல்.இ.டி. உருப்படாது. அதனால்தான் அந்த அமர்வில் கூட்டம் இல்லை.

இந்தச் சுவருக்கு முதல் பூச்சு கண்டுபிடித்தவர்கள் நகோயா பல்கலைக்கழகத்தின் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும். அவர்களுக்குரிய இடத்தைக் குறைத்து இந்தக் கதையைச் சொல்வது தவறு. 1986-ல் நீலக்கல்லின் மேல் முதலில் குறைந்த வெப்பத்தில் அலுமினியம் நைட்ரைடை மெல்லிய படலமாகப் பூசி, அதன் மேல் உயர் வெப்பத்தில் காலியம் நைட்ரைடை வளர்த்தார்கள். அதுவரை சொரசொரப்பாக, வெடித்து வந்த படலம், கண்ணாடி போல் வழவழப்பாக வந்தது. குறைந்த வெப்பத்தில் பூசிய படலம் ஒழுங்கு குலைந்து, இளகிய காரை போல இருக்கும். மேலே வெப்பம் ஏறும்போது அது சிறு சிறு படிகங்களாகத் திரளும். அந்தத் திரள்களிலிருந்து புதுப் படிகம் பக்கவாட்டில் பரவி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும்.

அனானில் நகமுராவுக்கு வேறு தொல்லை. விலைக்கு வாங்கிய கருவியில் படலமே பிடிக்கவில்லை. இதற்கு ஒப்பான காட்சியைச் சமையலறையில் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கல்லைத் தொடாமல் துள்ளி ஓடும். தட்டின் வெப்பம் ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ். காலியத்தைத் தூக்கி வரும் டிரைமெத்தில் காலியமும், நைட்ரஜனைத் தூக்கி வரும் அம்மோனியாவும் தட்டின் அருகே வந்ததும் சூடாகி மேலே கிளம்பிவிடுகின்றன. இரண்டும் தட்டுக்கு வெளியிலேயே சந்தித்துவிட்டால் துகளாகி வீணாகும். அதோடு, அந்த வெப்பத்தில் அம்மோனியா அடுப்புக் கம்பியையே அரித்துவிடும்.

அவர் நாள்முறை இப்படி அமைந்தது. காலையில் கருவியைப் பிரித்து, வாயு வரும் குழாயின் கோணத்தையோ உயரத்தையோ மாற்றுவது. மதியம் சில முறை வளர்த்துப் பார்ப்பது. மாலையில் அளப்பது. மறுநாள் காலையில் மறுபடி பிரிப்பது. வெளியிலிருந்து ஆள் வரவழைத்துக் குழாயை மாற்றியிருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பல வாரம் போயிருக்கும். அவருக்குப் பற்றவைக்கத் தெரிந்ததால் ஒரு நாளில் ஒரு மாற்றம் முடிந்தது. எனக்கு இந்த வேகம்தான் இந்தக் கதையின் உயிர் என்று தோன்றுகிறது. இதே வாயுவும் இதே நீலக்கல்லும் மற்ற ஆய்வகங்களிலும் இருந்தனவே.

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் விடை வந்தது. வினைபுரியும் வாயுக்களைத் தட்டுக்கு இணையாகப் பக்கவாட்டில் பாய்ச்சினார். மேலிருந்து நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த இன்னொரு ஓட்டத்தைத் தட்டை நோக்கி இறக்கினார். அந்த இரண்டாவது ஓட்டம் வினைபுரிய வரவில்லை. கிளம்பும் வாயுவைத் தட்டோடு அழுத்திப் பிடிப்பதே அதன் வேலை. இரட்டை ஓட்ட முறை என்று பெயர். 1991-ல் கட்டுரையாக வெளிவந்தது. பிறகு அலுமினியம் நைட்ரைடுக்குப் பதிலாகக் காலியம் நைட்ரைடையே குறைந்த வெப்பத்தில் முதல் பூச்சாகப் பூசினார். எலக்ட்ரான் படிகத்துக்குள் எவ்வளவு தடையில்லாமல் ஓடுகிறது என்பதைக் காட்டும் நகர்திறன், அறை வெப்பத்தில் வோல்ட்-வினாடிக்கு 200 சதுர சென்டிமீட்டரிலிருந்து 600-க்கு உயர்ந்தது.

மாலையில் அளப்பது என்றேனே, அது ஹால் விளைவு அளவீடு. மின்னோட்டம் பாயும் துண்டைக் காந்தப் புலத்தில் வைத்து, குறுக்கே எழும் மின்னழுத்தத்தை அளப்பது. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் எம்.எஸ்சி. இயற்பியல் ஆய்வகங்களில் ஜெர்மானியத் துண்டை வைத்து மாணவர்கள் செய்யும் அதே சோதனை. அதில் வழக்கமாக நடக்கும் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஹால் மின்னழுத்தம் எடுக்கும் இரண்டு முனைகளும் நேருக்கு நேர் அமையாமல் இம்மி விலகியிருந்தால், காந்தப் புலமே இல்லாதபோதும் மீட்டர் ஒரு எண்ணைக் காட்டும். அதை ஹால் மின்னழுத்தம் என்று குறித்துக்கொண்டால் விடை தப்பும். புலத்தின் திசையைத் திருப்பி இன்னொரு முறை அளந்து, இரண்டின் வித்தியாசத்தில் பாதியை எடுக்க வேண்டும். மின்னோட்டத்தைத் திருப்பியும் அளக்க வேண்டும். அதிக மின்னோட்டம் செலுத்தினால் துண்டு சூடாகி, எண் நகர்ந்துகொண்டே இருக்கும்.

வெப்பம் மாற மாறப் படிகத்தின் மின்தடை எப்படி மாறுகிறது என்று அளக்கும் நான்கு முனைச் சோதனையில் வேறு பிழை. ஜெர்மானியத்தின் ஆற்றல் இடைவெளி 0.7 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகில் வர வேண்டும். பதிவேட்டில் 0.35 என்று எழுதிக் கொண்டுவருபவர் உண்டு. வரைபடத்தின் சாய்வை இரண்டால் பெருக்க மறந்திருப்பார். இயற்கை மடக்கைக்கும் பத்தடி மடக்கைக்கும் உள்ள 2.303-ஐ விட்டிருந்தால் விடை இன்னும் கீழே போகும். அடுப்பைச் சூடேற்றிக்கொண்டே அளந்தால் வெப்பமானி ஒன்று சொல்லும், படிகம் வேறொரு வெப்பத்தில் இருக்கும். மேலே ஏற்றிவிட்டு, மெல்ல ஆறவிட்டு அளப்பது நல்லது. முனைகளை இறுக்கி அழுத்தினால் படிகமே உடையும், அதைத் தடவிக் கொடுப்பது போலத்தான் தொட வேண்டும்.

கதைக்கு வருகிறேன். எல்.இ.டி.க்கு எலக்ட்ரான் மிகுந்த பக்கம் ஒன்று, துளை மிகுந்த பக்கம் ஒன்று வேண்டும். காலியம் நைட்ரைடில் எலக்ட்ரான் பக்கம் தானாகவே வரும். துளைப் பக்கம் வரவே இல்லை. மெக்னீசியத்தைக் கலந்தால் வர வேண்டும் என்பது கணக்கு. கலந்தால் படலம் மின்காப்புப் பொருள் போல நின்றது. 1989-ல் அகசாகியும் அமானோவும், மெக்னீசியம் கலந்த படலத்தின் மேல் எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தினால் துளைப் பக்கம் உயிர்பெறுவதைக் காட்டினார்கள். ஏன் என்பது அப்போது தெளியவில்லை. கற்றை பட்ட மேல்பரப்பில் மட்டும்தான் அது நடந்தது, அதுவும் மெதுவாக.

1992-ல் நகமுரா குழு வெளியிட்ட சோதனையைக் குறைக்கடத்தி படிக்கும் ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பார்க்க வேண்டும். மெக்னீசியம் கலந்த படலத்தை நைட்ரஜன் வாயுவில் 700 டிகிரிக்கு மேல் சூடாக்கினார்கள். மின்தடை எண் பத்து லட்சம் ஓம்-சென்டிமீட்டரிலிருந்து ஏறக்குறைய 2-க்குச் சரிந்தது. துளைப் பக்கம் கிடைத்துவிட்டது. அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. அதே படலத்தை அம்மோனியாவில் 600 டிகிரிக்கு மேல் மறுபடி சூடாக்கினார்கள். மின்தடை பழையபடி ஏறிக்கொண்டது. நைட்ரஜனில் சூடாக்கினால் திறக்கிறது, அம்மோனியாவில் சூடாக்கினால் பூட்டுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஹைட்ரஜன். அம்மோனியா சிதையும்போது வரும் ஹைட்ரஜன் அணு படிகத்துக்குள் நுழைந்து மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்திருக்கிறது. இருபது ஆண்டு காலம் பலர் தோற்றதற்குக் காரணம், படிகத்தை வளர்க்கப் பயன்படுத்திய அதே வாயு. எலக்ட்ரான் கற்றை செய்ததும் அந்த ஹைட்ரஜனை விடுவித்த வேலைதான் என்பது இதன் பின் விளங்கியது. ஒரே நேரத்தில் பல தட்டுகளை உலையில் வைத்துச் சூடாக்கிவிடலாம் என்பதால் இது தொழிற்சாலைக்கும் ஏற்ற முறை ஆயிற்று.

பிறகு இண்டியம். 1000 டிகிரியில் இண்டியம் படலத்தில் தங்காமல் ஆவியாகிவிடும். அதனால் ஏறக்குறைய 800 டிகிரிக்கு இறங்கினார்கள். தூக்கிச் செல்லும் வாயுவை ஹைட்ரஜனிலிருந்து நைட்ரஜனுக்கு மாற்றினார்கள், ஏனென்றால் ஹைட்ரஜன் இருந்தால் இண்டியம் படிகத்தில் சேராது. 1993 நவம்பரில் ஒரு கேண்டெலா அளவு பிரகாசம் கொண்ட நீல எல்.இ.டி.யை நிச்சியா அறிவித்தது. அப்போது விற்பனையில் இருந்த நீல விளக்குகளைவிட அது சுமார் நூறு மடங்கு பிரகாசம். 1994-ல் வெளியான கட்டுரையின்படி அது 20 மில்லிஆம்பியரில் 450 நானோமீட்டரில் எரிந்தது, திறன் 2.7 சதவீதம். இன்றைய சில்லுகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய எண். ஆனால் சிலிக்கான் கார்பைடு தந்தது இதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான்.

சதுர சென்டிமீட்டருக்கு 100 கோடி குறைகள் இருந்தும் அது எரிந்ததுதான் ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தது. இண்டியம் படலம் முழுதும் சமமாகப் பரவுவதில்லை. அதனால் எலக்ட்ரானும் துளையும் நானோமீட்டர் அளவுப் பள்ளங்களில் சிக்கி, குறை இருக்கும் இடத்தை எட்டும் முன்பே சேர்ந்து ஒளியாகிவிடுகின்றன என்ற விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. குறை குறைவாக இருந்த ஜிங்க் செலினைடோ, ஒளிரும்போதே குறைகள் பெருகிச் சீக்கிரம் செத்தது.

நீலம் வந்ததும் வெள்ளைக்கு நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பாஸ்பர்தான் அந்த நிறுவனத்தின் பிறவித் தொழில் என்றேனே. சீரியம் கலந்த மஞ்சள் பாஸ்பரை நீலச் சில்லின் மேல் பூசி 1996-ல் வெள்ளை எல்.இ.டி.யை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

நகமுரா முனைவர் பட்டம் பெற்றது 1994-ல், நீலம் எரிந்த பிறகு. பின்னர் நிறுவனத்தை விட்டு அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்துக்குப் போனார். இரட்டை ஓட்ட முறையின் காப்புரிமைக்கு உரிய பங்கு கேட்டு வழக்கு நடந்தது. 2004-ல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் 2005-ல் ஏறக்குறைய 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. 2014-ல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

இந்தத் துறையில் வேலை தீர்ந்துவிடவில்லை. மெக்னீசியத்தை ஹைட்ரஜனிலிருந்து விடுவித்த பின்பும், அறை வெப்பத்தில் நூறு மெக்னீசியம் அணுவுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் துளை தருகிறது. நீலத்திலிருந்து பச்சைக்குப் போக இண்டியத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் படலத்தில் இறுக்கம் ஏறுகிறது. இண்டியம் தங்க வேண்டுமென்று வெப்பத்தை இறக்கினால் அம்மோனியா சரியாகச் சிதையாமல் நைட்ரஜன் பற்றாக்குறை வருகிறது, படிகம் கெடுகிறது. அதனால் பச்சை எல்.இ.டி. இன்றும் நீலத்தின் திறனை எட்டவில்லை. சிவப்பையும் இதே பொருளில் எடுக்க முயல்கிறார்கள், அங்கே சிக்கல் இன்னும் கூடுதல்.

இந்த வேலைக்கு நம் கல்லூரிகளிலிருந்து போக நினைப்பவர்களுக்கு எம்.எஸ்சி.க்குப் பின் நெட், கேட் தேர்வுகள் வழி. சொந்தக் கல்லூரியில் இருந்தபடியே ஆய்வு செய்கிறவர்கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் உள்ள நானோ மின்னணுவியல் ஆய்வகங்களுக்கு முன்மொழிவு எழுதி அனுப்பி, அங்குள்ள கருவிகளைப் பயன்படுத்தவும் திட்டம் இருக்கிறது. அந்த முன்மொழிவில் பொருளின் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். எந்தத் தட்டு, எந்த வெப்பம், எத்தனை நானோமீட்டர் படலம், எத்தனை மாதிரி, எதை எதால் அளக்கப் போகிறோம், வராவிட்டால் முதலில் எதை மாற்றுவோம் என்று எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.